மூடுபனியில் கொடிமலை

தைப்பூசத் திருநாள் நெருங்கிவிட்டால் போதும். கெடா, பேராக், செபராங் பிறை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்து நம் மக்கள் பினாங்குத் தீவை நோக்கித் திரளத் தொடங்கிவிடுவர். காவடியும் பால்குடமும் ஏந்தித் தண்ணீர்மலை முருகனை வணங்கியபின், பிள்ளைகளை மகிழ்விக்கும் பொருட்டு ஆயர் ஈத்தாம் சென்று, மலை இரயிலில் ஏறிக் கொடிமலையைக் கண்டு திரும்பும் குடும்பங்களும் பல. மலாய் மொழியில் 'புக்கிட் பெண்டேரா' என வழங்கும் மலையே நம் கொடிமலை.

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையின்போது, கூலிம் வட்டாரத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த தொழிலாளர் குடும்பங்களோடு நாமும் அம்மலைக்குச் சென்றிருந்தோம். அடிவாரத்தில் நல்ல வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இரயில் பாதிவழி ஏறியதும் சன்னல் கண்ணாடி மங்கியது. உச்சியில் இறங்கியபோது எங்கு நோக்கினும் வெண்மை. ஜோர்ஜ்டவுன் நகரம் தெரியவில்லை, கடல் தெரியவில்லை, பினாங்குப் பாலமும் தெரியவில்லை. பத்தடி தொலைவில் நின்றவர் நிழல்போல் காட்சியளித்தார்.

நம்முடன் வந்திருந்த மூதாட்டி ஒருவர், நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், தடுப்புக் கம்பியைப் பிடித்தவாறு நம்மை நோக்கி, "ஏன் ஐயா, இந்த வெள்ளைச் சீலையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் காசு கொடுத்து வந்தோம்? இதைத் தோட்டத்தில் விடியற்காலையில் சும்மாவே பார்த்துவிடலாமே!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். எனினும் அவர் கேட்டது நியாயமான கேள்வியே. அதற்குரிய விடையை இங்கே சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

தோட்டத்துப் பனியும் மலைப்பனியும்

தோட்டத்தில் விடியற்காலையில் நாம் காணும் பனியும் மலையுச்சியில் காணும் பனியும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் பிறக்கும் விதத்தால் வேறுபட்டவை.

வானம் தெளிந்திருக்கும் இரவில், பகலெல்லாம் வெயிலை உண்ட நிலம் தன் வெப்பத்தை வானத்திற்குத் திருப்பி விட்டுவிடுகிறது. நிலம் குளிர்ந்ததும் அதைத் தொட்டு நிற்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆதலால் அது சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அங்கே அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறிப் பனியாய் நிற்கிறது. மேட்டு நிரைகளில் பனி இல்லாதபோதும் ஓடைக்கருகிலுள்ள நிரைகளில் பனி தங்கியிருப்பதன் காரணம் இதுவே. கதிரவன் எழுந்து நிலம் சூடேறியதும் அப்பனி கலைந்துவிடும்.

கொடிமலையின் பனியோ பகலிலும் வரும். மலாக்கா நீரிணையிலிருந்து வீசும் காற்று ஈரம் மிகுந்தது. அது தீவின் நடுவே நிற்கும் மலைத்தொடரில் மோதியதும் மேலே ஏறவேண்டியதாகிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்ததும் காற்று விரிகிறது; விரிந்த காற்று குளிர்கிறது. மோட்டார் சைக்கிள் டயரின் காற்றைத் திறந்துவிட்டு விரலை வைத்துப் பாருங்கள். வெளிவரும் காற்று குளிர்ந்திருக்கும். அங்கே நிகழ்வதே மலைச்சரிவிலும் நிகழ்கிறது. மேலேறும் காற்று ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் குளிர்கிறது. கடற்கரையில் 30 பாகை வெப்பத்தோடும் மிகுந்த ஈரத்தோடும் புறப்பட்ட காற்று, 600 அல்லது 700 மீட்டர் உயரத்தை எட்டும்போது தன்னிடமுள்ள நீராவியைத் தாங்கமாட்டாமல் துளிகளாக உதிர்க்கத் தொடங்குகிறது.

கொடிமலைத் தொடரின் மிகவுயர்ந்த இடம் கடல்மட்டத்திற்கு மேல் 833 மீட்டர். ஆகவே மேகம் பிறக்கும் உயரத்திற்குள்ளேயே மலையின் தலை நுழைந்துவிடுகிறது. ஜோர்ஜ்டவுனில் நிற்பவர் அதைப் பார்த்து, "மலைமேல் மேகம் இறங்கியிருக்கிறது" என்பார். அதே வேளையில் மலைமேல் நிற்பவர், "மூடுபனி சூழ்ந்துவிட்டது" என்பார். இருவரும் சொல்வது ஒன்றையே. மேகத்துக்கு வெளியே நின்றால் மேகம். உள்ளே நின்றால் மூடுபனி. ஆயிரம் மீட்டருக்கு அப்பாலுள்ள பொருள் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு நுண்துளிகள் காற்றை மறைக்குமாயின், அதனை மூடுபனி என வானிலைத் துறையினர் குறிப்பர்.

மலையை ஆண்ட வரலாறு

பிரான்சிஸ் லைட் 1786-ஆம் ஆண்டில் பினாங்கில் குடியேற்றத்தை நிறுவினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே மலைமேல் குதிரைப்பாதை வெட்டப்பட்டது. கடற்கரையின் வெப்பமும் காய்ச்சலும் தாங்கமாட்டாத ஐரோப்பியர்கள் குளிர்ச்சி நாடி மலைக்கு ஏறினர். நோயுற்றோர் இளைப்பாறுவதற்கும் அங்கே இல்லம் எழுந்தது. குதிரையிலும் தூக்கு நாற்காலியிலுமாக மேலே செல்வதே அக்கால வழக்கம். துறைமுகத்தை நோக்கி வரும் கப்பல்களைக் குறித்து நகரத்திற்கு அறிவிக்க மலைமேல் கொடிமரம் நாட்டப்பட்டது. அதனாலேயே இது கொடிமலை ஆயிற்று. பனி சூழ்ந்த நாள்களில் அக்கொடி யாருக்கும் பயன்பட்டிருக்காது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்ட முதல் இரயில் பாதை தொழில்நுட்பக் குறையால் பயன்படாமலே போயிற்று. பின்னர் சுவிட்சர்லாந்து நாட்டு முறையைப் பின்பற்றிக் கம்பிவடத்தால் இழுக்கப்படும் இரயில் அமைக்கப்பட்டு, 1923-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. 1924 ஜனவரி முதல் நாளன்று அதன் அதிகாரபூர்வத் திறப்பு விழா நடைபெற்றது. 1977-இல் பெட்டிகள் மாற்றப்பட்டன. அக்காலத்தில் நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டும். மேலே போய்ச்சேர அரைமணி நேரம் ஆகும். 2010-இல் பழைய இரயில் நிறுத்தப்பட்டு, 2011-இல் புதிய இரயில் வந்தது. இன்று மாறாமலே ஒரே பெட்டியில், பத்து நிமிடத்திற்குள் மேலே சென்றுவிடலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்திற்குள் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 4, 5 பாகை குறைந்துவிடுகிறது என்பதை நம் உடல் உணர்ந்துகொள்ளச் சற்று நேரம் வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஒரு மேற்சட்டை எடுத்துச் செல்வது நன்று.

பெயரிலேயே நீர் இருக்கிறது

இனி, மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். அந்த வெள்ளைச் சீலையால் யாருக்கு என்ன பயன்?

நாம் ஆண்டுதோறும் காவடி எடுத்துச் செல்லும் இடத்தின் பெயரை எண்ணிப் பாருங்கள். தண்ணீர்மலை! அருகிலுள்ள அருவியை வைத்தே அப்பெயர் அமைந்தது. அந்த அருவி கொடிமலைத் தொடரிலிருந்தே இறங்கி வருகிறது. நகரம் சிறிதாக இருந்த காலத்தில் அதன் குடிநீர் அருவி நீரே. துறைமுகத்திற்கு வந்த கப்பல்களும் அந்த நீரையே நிரப்பிச் சென்றன. 1884-ஆம் ஆண்டில் அருவியின் பள்ளத்தாக்கிலேயே பினாங்குத் தாவரவியல் பூங்கா அமைக்கப்பட்டது. மலைநாட்டு நீரைத் தேக்கும் ஆயர் ஈத்தாம் அணை 1962-இல் திறக்கப்பட்டது.

இன்று மாநில மக்கள் தொகை பெருகிவிட்டது. பினாங்கின் குடிநீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து பெறப்படுகிறது. அந்த ஆறு கெடாவின் உலு மூடா காட்டில் பிறந்து, கெடா - பினாங்கு எல்லையோரம் ஓடிவருவது. ஆயினும் தீவின் ஓடைகளுக்கு உயிர் கொடுப்பது இன்றும் மலைக்காடுதான். உலு மூடாவானாலும் கொடிமலையானாலும் நீரைத் தேக்கித் தருவது காடு என்னும் உண்மை மாறவில்லை.

இதில் மூடுபனியின் பங்கு யாது? பனியின் ஒவ்வொரு துளியும் மிக நுண்ணியது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பது கூறாக்கினால் ஒரு கூறின் அளவே இருக்கும். ஒரு கன மீட்டர் மூடுபனியைப் பிழிந்தாலும் அரை கிராம் நீர் தேறுவது அரிது. ஆயினும் காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. மரங்கள் ஓயாமல் நின்றுகொண்டிருக்கின்றன. இலைகளிலும் கிளைகளிலும் பாசியிலும் மோதும் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, இலை நுனியிலிருந்து சொட்டுகின்றன. மழை பெய்யாத நாளிலும் மரத்தடி ஈரமாயிருப்பதற்கு இதுவே காரணம். சல்லடை மாவைப் பிரிப்பதுபோல் காடு காற்றிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கிறது எனலாம்.

பால்மரம் வெட்டும் நம் மக்களுக்கு இதை எடுத்துரைப்பது எளிது. கோட்டின் வழியே கசியும் பால் துளித்துளியாகத்தான் மங்கில் விழுகிறது. ஒரு துளியைப் பார்த்து, "இதனால் என்ன ஆகப்போகிறது?" என்று எவரும் கேட்பதில்லை. மங்கு நிறையும், மங்குகள் வாளியை நிறைக்கும், வாளிகள் தோம்பை நிறைக்கும். மலைக்காடும் அவ்வாறே கோடிக்கணக்கான இலைகளில் நீரைச் சேர்த்து ஓடைக்குக் கொடுக்கிறது. விடியற்காலையில் பால் நன்கு ஊறுவதன் இரகசியமும் நீரே. இரவில் மரம் நீரை உறிஞ்சி நிரம்பியிருப்பதால் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கிறது. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அழுத்தம் குறைந்து பாலும் குறைகிறது.

காட்டின் தரையில் கிடக்கும் சருகும் வேரும் பாசியும் பஞ்சுபோல் நீரை வாங்கிக்கொண்டு சிறிது சிறிதாக விடுகின்றன. அளவுக்கு மீறிப் பெய்தால் மலையும் தாங்காது. 2017 நவம்பர் 4, 5 நாள்களில் பெய்த பெருமழையின்போது பினாங்கு வெள்ளத்தில் மூழ்கியது; கொடிமலையிலும் மண் சரிந்தது. காடு இருந்தும் இந்நிலை என்றால், காடு இல்லாத சரிவின் நிலையை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

இம்மலையின் காடும் அதனைச் சார்ந்த கடற்பகுதியும், தெலுக் பகாங்கில் 2003-இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்காவும் உள்ளிட்ட 12,481 ஹெக்டர் பரப்பை, 'பினாங்குக் கொடிமலை உயிர்க்கோளக் காப்பகம்' என யுனெஸ்கோ நிறுவனம் 2021 செப்டம்பர் 15-ஆம் நாள் அறிவித்தது. சினி ஏரி, சபாவின் குரோக்கர் மலைத்தொடர் ஆகியவற்றிற்கு அடுத்து மலேசியாவில் இச்சிறப்பைப் பெற்ற மூன்றாம் இடம் இதுவாகும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லோத்தோங் குரங்குகளும், பூச்சிகளைப் பிடித்துண்ணும் குடுவைச் செடிகளும் இங்கே வாழ்கின்றன. குடுவைச் செடியை மலாய் மக்கள் குரங்குப் பானை எனப் பொருள்படப் 'பெரியோக் கெரா' என்பர்.

புகைமூட்டம் வேறு

ஒன்றை இங்கே வற்புறுத்திக் கூறவேண்டும். மூடுபனி வேறு, புகைமூட்டம் வேறு. இரண்டும் தொலைவை மறைப்பதால் பலர் ஒன்றென எண்ணி ஏமாறுகின்றனர்.

மூடுபனி தூய நீர்த்துளி. அது இலையை நனைக்கும், மூக்குக் கண்ணாடியில் படியும், மணமற்றது, சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ விலகிவிடும். புகைமூட்டமோ காடும் கரிமண் நிலமும் எரிவதால் எழும் நுண்துகள்களின் கூட்டம். அது எதையும் நனைப்பதில்லை, கரிந்த நாற்றம் வீசும், கண் எரியும், தொண்டை கரகரக்கும், நாள்கணக்கில் நீடிக்கும். 1997 செப்டம்பரில் சரவாக்கில் காற்று மாசுக் குறியீடு 839 வரை உயர்ந்து, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூனில் ஜோகூரின் மூவார் பகுதியில் 746-ஐ எட்டியது. அக்குறியீடு 50 வரை இருப்பின் நலம். 100 வரை மிதம். 100-ஐத் தாண்டினால் உடல்நலத்திற்குக் கேடு. 300-க்கு மேல் பேராபத்து.

ஆகவே மலைக்குப் புறப்படுமுன் அன்றைய குறியீட்டைக் கேட்டறியுங்கள். புகைமூட்ட நாளில் மலையேறுவதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்ற தாய்மார்களும் குழந்தைகளும் வீட்டிலேயே தங்கட்டும். மூடுபனி நாளிலோ அஞ்சவேண்டியதில்லை. விழிப்போடு இருந்தால் போதும்.

முப்பது அடி தொலைவு

விழிப்பு ஏன் வேண்டும் என்பதை அன்றைய பயணமே நமக்கு உணர்த்தியது. பகல் பன்னிரண்டு மணியளவில், காட்டுப் பாதையின் ஓரத்தில் அனைவரும் பொட்டலச் சோறு உண்டுகொண்டிருந்தோம். பனி மேலும் அடர்ந்தது. கைகழுவி எழுந்த தாய் ஒருவர் தம் பிள்ளைகளை எண்ணினார். மூவரில் ஒருவனைக் காணோம். ஒன்பது வயதுச் சிறுவன். அந்தத் தாயின் முகம் வெளுத்தது. ஆடவர் நால்வர் நான்கு பக்கமும் ஓட முற்பட்டனர். நாம் அவர்களைத் தடுத்து, அனைவரையும் வாய்மூடி நிற்கச் சொல்லி, தந்தையை மட்டும் பெயர் சொல்லி அழைக்கச் செய்தோம். மூன்றாம் அழைப்புக்கு மறுமொழி வந்தது. பாதையிலிருந்து முப்பது அடி தொலைவில், ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அவன் நின்றுகொண்டிருந்தான். குரங்கைப் பார்க்கப் போனவன், திரும்பியபோது பாதை தெரியவில்லையாம்.

"ஏன் தம்பி, நடந்து வர முயலவில்லையா?" என்று கேட்டோம். "அப்பா சொல்லியிருக்காங்க. நிரையிலே வழி தெரியலேன்னா அந்த மரத்தையே பிடிச்சிட்டு நில்லுன்னு" என்றான். அவன் நின்ற இடத்திற்கு அப்பால் நாலைந்து அடியில் செங்குத்தான சரிவு. தோட்டத்தில் தந்தை சொல்லிக்கொடுத்த பாடம் மலையில் மகனைக் காத்தது.

அந்தப் பாடத்தோடு வேறு சிலவற்றையும் சேர்த்து நினைவிற் கொள்ளுங்கள்.

காலையிலேயே செல்லுங்கள். பிற்பகலில் மேகமும் இடியும் மிகுதி. குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மழை அதிகம். இடி முழங்கினால் திறந்த மேட்டிலும் தனிமரத்தடியிலும் நிற்கலாகாது, கட்டடத்திற்குள் சென்றுவிடவேண்டும்.

பனி சூழ்ந்ததும் நடையை நிறுத்தி, ஆள்களை எண்ணுங்கள். சிறுவர்களை நடுவில் விட்டுப் பெரியவர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் நடக்கட்டும். பாதையை விட்டு ஓரடியும் விலகவேண்டா.

வழி தவறினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். "ஓடையைப் பின்பற்றினால் ஊர் வந்துவிடும்" என்று சிலர் கூறுவர். இம்மலையின் ஓடைகள் பாறைகளிலிருந்து அருவியாக விழுபவை. அவற்றைப் பின்பற்றுவது உயிருக்கே ஆபத்து. ஊதல் ஒன்று இருந்தால் விட்டுவிட்டு ஊதுங்கள். 999 என்ற எண்ணை அழைத்துக் கடைசியாகக் கண்ட அறிவிப்புப் பலகையையோ கட்டடத்தையோ கூறுங்கள்.

கைவிளக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் துளிகள் ஒளியைத் திருப்பி எறிந்து கண்ணைக் கூசச் செய்யும். இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால் பாதை தெரியும். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்வோருக்கும் இதே விதி பொருந்தும். பனியில் முன்விளக்கை உயர்த்தாமல் தாழ்த்தியே வையுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

கொண்டுசென்ற நெகிழிப் பைகளையும் பொட்டலத் தாள்களையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அங்கே எறிவது கீழே நாம் குடிக்கும் நீரில்தான் வந்து சேரும்.

மைகார்டு வைத்திருப்போருக்கு இரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அதனை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

மாலை மூன்று மணிக்கு நாம் இரயிலில் இறங்கத் தொடங்கினோம். சிறிது தூரம் வரை ஒன்றும் தெரியவில்லை. பின்னர் திரையை விலக்கியதுபோல் பளிச்சென்று வெயில். கீழே நகரமும் நீரிணையும் பாலமும் ஒருசேரக் காட்சியளித்தன. பிள்ளைகள் அனைவரும் கீழே பார்த்து ஆரவாரம் செய்தனர். மூதாட்டி மட்டும் பின்பக்கம் திரும்பி மேலே பார்த்தார். மலையின் தலையில் வெண்மேகம் ஒன்று அசையாமல் அமர்ந்திருந்தது.

"அதற்குள்ளேயா ஐயா நாம் இருந்தோம்?" என்று கேட்டார். "ஆம் பாட்டி" என்றோம். அவர் ஈரமாயிருந்த தம் முந்தானையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த தைப்பூசத்திற்கு வருவோர் தண்ணீர்மலைப் படிகளில் நின்று ஒருகணம் மேலே நோக்குங்கள். மலைமேல் மேகம் தெரிந்தால், நமக்குரிய நீரைக் காடு சேர்த்துக்கொண்டிருக்கிறது என்று அறியுங்கள். அந்தக் காட்டுக்குள் செல்ல நேர்ந்தால், பிள்ளையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு செல்லுங்கள்.